தட்டைச் சுழற்றுபவரின் காது

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் ஒயிட் சாக்ஸ் அணிக்கும் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கும் அடுத்தடுத்து இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள் நடப்பதாக இருந்தது. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்தால் நுழைவுக் கட்டணம் வெறும் 98 சென்ட். முதல் ஆட்டம் முடிந்ததும் ஸ்டீவ் டால் என்ற வானொலி டி.ஜே. போர்வீரனைப் போல உடுத்து மைதானத்தின் நடுவில் வந்து நின்றார். பெட்டியில் குவித்திருந்த தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கூட்டம் வேலியைத் தாண்டி உள்ளே பாய்ந்து புல்தரையைப் பிய்த்தெறிந்தது. ஆடவே முடியாத இரண்டாம் ஆட்டம் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. டால் முன்பு வேலை பார்த்த நிலையம் 1978 இறுதியில் டிஸ்கோவுக்கு மாறியதில் அவர் வேலையை இழந்திருந்தார். அந்த நாட்களில் அதே ஊரில், சில கிலோமீட்டர் தள்ளி, தெற்கு ஜெபர்சன் தெருவில் இருந்த ‘வேர்ஹவுஸ்’ என்னும் நடனக்கூடத்தில், பிராங்கி நக்கிள்ஸ் என்ற இன்னொரு டி.ஜே., மைதானத்தில் தகர்க்கப்பட்டவற்றைப் போன்ற தட்டுகளையே விடியும்வரை சுழற்றிக்கொண்டிருந்தார். அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தையும் லத்தீன் அமெரிக்கச் சமூகங்களையும் சேர்ந்த, ஒருபால் ஈர்ப்புடைய இளைஞர்கள்.

இந்த இருவரையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒருவர் பேசுகிறார், மற்றவர் பேசுவதில்லை. ஒருவர் தம் நேயர்களைக் காண்பதில்லை, மற்றவர் அவர்களின் வியர்வை வாடை எட்டும் தூரத்தில் நிற்கிறார். ஆகவே வானொலி டி.ஜே.யும் நடனக்கூட டி.ஜே.யும் பெயரளவில் மட்டும் உறவினர்கள் என்று சொல்லிவிடலாம், பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றைப் பார்த்தால் எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர்கள் ஒரே தொழிலின் இரு முகங்கள். அந்தத் தொழிலின் கருவி வாயும் அல்ல, விரலும் அல்ல, காதுதான். பிறர் படைத்த இசையிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஒரு கூட்டத்தின் முன் வைத்து, அந்தத் தெரிவுக்குத் தானே பொறுப்பேற்பவர் டி.ஜே. தெரிவு அவர் கையை விட்டுப் போகும்போதோ, கூட்டத்தைக் கேட்கும் காது அடைபடும்போதோ, குரலும் சாதனங்களும் அப்படியே இருந்தாலும் அந்தத் தொழில் அங்கே இல்லை.

தொடக்கத்தில் வானொலி இசைத்தட்டை மதிக்கவே இல்லை. 1922-இல் அமெரிக்க வணிகத்துறை உயர்தர நிலையங்களுக்கென ஒரு புது உரிம வகையை உருவாக்கியபோது, அவை இசைத்தட்டு போடக் கூடாது என்றே விதித்தது. கலைஞர்கள் நிலையத்துக்கு வந்து நேரடியாக வாசிப்பதுதான் கௌரவம், தட்டு என்பது வக்கில்லாதவர்களின் சரக்கு. இந்த நிலையில்தான் 1935-இல் நியூயார்க்கின் டபிள்யூ.என்.இ.டபிள்யூ. நிலையத்தில் மார்ட்டின் பிளாக் நுழைகிறார். விமானி லிண்ட்பெர்கின் குழந்தையைக் கடத்திக் கொன்ற வழக்கின் விசாரணைச் செய்திகளுக்கு இடையே காலி நேரம் விழுந்தது. நிலையத்தில் தட்டுகளே இல்லாததால் அவரே கடையில் வாங்கிவந்து போட்டார். ஒரே குழுவின் பாடல்களை வரிசையாகப் போட்டு, தாம் ஒரு பெரிய நடனமண்டபத்தில் நிற்பதுபோலப் பேசினார். அந்தக் கற்பனை மண்டபத்தின் பெயரே நிகழ்ச்சிக்கும் அமைந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் அல் ஜார்விஸ் இதை முன்பே செய்துகொண்டிருந்தார். டிஸ்க் ஜாக்கி என்ற சொல் இந்தக் காலத்தில்தான் புழக்கத்துக்கு வருகிறது. வானொலி டி.ஜே. தம் முதல் வெற்றியையே, கண்ணுக்குத் தெரியாத ஒரு நடனமண்டபத்தைக் கற்பித்துக்கொண்டுதான் பெற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். இரவுக்கூடம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதல்ல, வானொலியின் கனவுக்குள் முதல் நாளே இருந்தது.

தட்டு போடும் தொழிலுக்கு எதிராக எழுந்த முதல் வாதம் இசைக்கலைஞர்களுடையது: பிறர் உழைப்பை எடுத்துப் போட்டுப் பெயர் வாங்குபவன் எப்படிக் கலைஞனாவான்? இது வெறும் பொறாமை அல்ல. தட்டு சுழன்ற ஒவ்வொரு மணி நேரமும் ஒரு வாத்தியக்குழு வேலை இழந்தது. ‘வானொலியில் ஒலிபரப்ப உரிமமில்லை’ என்று தட்டின் மேலேயே அச்சிட்டுப் பார்த்தார்கள். விவகாரம் நீதிமன்றம் போனது. வாத்தியக்குழுத் தலைவர் பால் வைட்மன் தொடர்பான அந்த வழக்கில், விற்றுவிட்ட தட்டை நிலையம் ஒலிபரப்புவதை இப்படிக் கட்டுப்படுத்த முடியாது என்று 1940-இல் நீதிபதி லெர்னட் ஹேண்ட் தீர்ப்பளித்தார். அடுத்து, ஜேம்ஸ் பெட்ரில்லோவின் தலைமையில் இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டிலிருந்து ஒலிப்பதிவையே நிறுத்தியது. பெரிய நிறுவனங்கள் அனைத்தும் பணிய 1944 ஆகிவிட்டது. அப்போதும் சங்கத்தின் நிதிக்குப் பணம் கட்டியது தட்டு நிறுவனங்களே, வானொலி அல்ல. இன்றும் அமெரிக்காவின் சாதாரண வானொலி பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகை தருகிறதே தவிர, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தருவதில்லை. ஆகவே கலைஞர்களின் குறை நியாயமானது. ஆனால் அந்தக் குறை கூலியைப் பற்றியது. நிலைய முதலாளி கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்பதால், தெரிவு செய்பவரின் உழைப்பு உழைப்பே இல்லை என்றாகிவிடாது. ஆயிரம் தட்டுகள் வெளிவரும் ஊரில் எது கேட்கப்பட வேண்டும் என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்தே ஆக வேண்டும்.

அந்த முடிவின் கனம் எவ்வளவு என்பதை மெம்பிஸ் நகரம் காட்டுகிறது. வெள்ளையருக்குச் சொந்தமான டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் நொடித்துப்போகும் நிலையில், 1948-இல் நாட் டி. வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியரை ஒலிவாங்கியின் முன் அமர்த்தியது. அவர் பத்தி எழுத்தாளரும்கூட. அடுத்த ஆண்டுக்குள் நிலையத்தின் நிகழ்ச்சிகள் முழுவதும் கறுப்பின நேயர்களுக்கானவையாக மாறின. 1954-இல் 50,000 வாட் திறன் கிடைத்ததும் மிசிசிப்பி டெல்டா வட்டாரத்தின் பருத்தி வயல்கள்வரை அந்தக் குரல் சென்றது. புளூஸ் பாடகர் பி.பி. கிங்கும் அங்கே டி.ஜே.யாக இருந்தவர்தான். பேருந்தில், பள்ளியில், உணவகத்தில் இனங்களைப் பிரித்துவைத்த சட்டத்தால் அலைவரிசையைப் பிரிக்க முடியவில்லை. வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் அறையில் அதே பாடலைக் கேட்டார்கள். 1967-இல் அட்லாண்டாவில் கறுப்பின ஒலிபரப்பாளர்களின் மாநாட்டில் பேசிய மார்ட்டின் லூதர் கிங், தங்கள் மக்களின் போராட்டத்தில் இவர்களின் பங்கை மனமாரப் பாராட்டினார். பாட்டுக்குப் பாட்டு அறிவிப்பு மட்டும் செய்தவர்களுக்கு அந்தப் பாராட்டு கிடைத்திருக்காது.

கிளீவ்லாந்து வானொலி டி.ஜே. ஆலன் பிரீடின் கதையில் இந்தத் தொழிலின் பெருமையும் சிறுமையும் ஒன்றாகக் கிடக்கின்றன. தம் இசைத்தட்டுக் கடையில் எவை விற்கின்றன என்பதைக் கவனித்த லியோ மின்ட்ஸ் என்ற கடைக்காரர்தான் கறுப்பினத்தவரின் ரிதம் அண்டு புளூஸ் தட்டுகளைப் போடும்படி அவரைத் தூண்டினார். பிரீடின் காது, அப்படிப் பார்த்தால், கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. 1951-இல் அவர் தொடங்கிய இரவு நிகழ்ச்சியின் நேயர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. 1952 மார்ச் 21 அன்று அவர் ஒரு நடன விழா அறிவித்தார். சுமார் 10,000 பேர் கொள்ளும் அரங்குக்கு அதைப் போல இருமடங்கு கூட்டம் வந்து கதவுகளை உடைத்தது. விழா தொடங்கிய சற்று நேரத்திலேயே காவலர்கள் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. ராக் அண்டு ரோல் வரலாற்றில் அது முதல் பெரிய கச்சேரி என்று சொல்லப்படுகிறது. ஆனால் அன்று மேடையில் நடந்தது மிகக் குறைவு. வானொலியின் முகமற்ற நேயர்கள் முதன்முறையாகத் தங்கள் முகத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதுதான் அன்றைய நிகழ்ச்சி.

சிறுமை பிறகு வந்தது. தட்டு நிறுவனங்கள் டி.ஜே.களுக்குப் பணமும் பரிசும் தந்து பாடல்களைப் போடவைத்த ‘பேயோலா’ விவகாரம் 1959-60-இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக்கு வந்தது. பாடகர் சக் பெர்ரியின் ‘மேபலின்’ பாடலில் இணை ஆசிரியராகப் பிரீடின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததும் இந்த வகைதான். பிரீட் வேலை இழந்தார், 1962-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார், 1965-இல் 43 வயதில் இறந்தார். விலைக்குப் போகும் தெரிவை நம்பலாமா என்பது வலுவான எதிர்வாதம். அதை மறுக்க வேண்டியதில்லை. நம்பிக்கை உள்ள இடத்தைத்தான் லஞ்சம் தேடி வரும், யாரும் மதிக்காத தெரிவுக்கு யார் காசு கொடுப்பார்கள்? கேள்வி, அதற்கு என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்பதே. ஏற்கெனவே டாட் ஸ்டோர்ஸ் போன்ற வானொலி நிலைய உரிமையாளர்கள், ஜூக்பாக்ஸில் மக்கள் அதே சில பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்து ‘டாப் 40’ முறையை உருவாக்கியிருந்தார்கள். பேயோலாவுக்குப் பின் பல நிலையங்கள் தெரிவை டி.ஜே.யிடமிருந்து பிடுங்கி நிகழ்ச்சி மேலாளரிடம் கொடுத்தன. லஞ்சம் ஒழிந்ததா என்றால், இல்லை. மேலாளரின் அறைக்கு இடம் மாறியது. 2005-இல்கூட, பாடல்களை ஒலிபரப்பச் செய்யக் கையாண்ட வழிகளுக்காக சோனி பிஎம்ஜி நிறுவனம் நியூயார்க் மாநில அரசுடன் ஒரு கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பெயர் சொல்லிப் பேசுபவரைத் திட்டவாவது முடியும். பட்டியலை யார் திட்டுவது?

வானொலியில் தெரிவு இப்படிச் சுருங்கிய காலத்தில்தான் இரவுக்கூடம் அதைக் கைப்பற்றுகிறது. 1970 காதலர் தினத்தன்று டேவிட் மன்கூசோ நியூயார்க்கின் பிராட்வேயில் தாம் குடியிருந்த மாடியிலேயே ஒரு விருந்து நடத்தினார். பின்னாளில் அந்த இடம் ‘லாஃப்ட்’ எனப் பெயர்பெற்றது. மது விற்பனை கிடையாது, அழைக்கப்பட்டவர்களே வரலாம். கேமரூனைச் சேர்ந்த மனு திபாங்கோ 1972-இல் ஒரு கால்பந்துப் போட்டிக்கான பாடலின் பின்பக்கமாகப் பதிந்த ‘சோல் மகோசா’ என்னும் தட்டு, புரூக்ளினில் மேற்கிந்தியர் கடை ஒன்றில் மன்கூசோவுக்குக் கிடைத்தது. அவர் கூடத்தில் அது பற்றிக்கொண்டது. அங்கிருந்து பிராங்கி கிராக்கர் என்ற வானொலி டி.ஜே. எடுத்து டபிள்யூ.பி.எல்.எஸ். நிலையத்தில் போட்டார். ஊரில் தட்டு தீர்ந்துபோய், மற்றவர்கள் அவசரமாகப் பாடி வெளியிடத் தொடங்கினார்கள். அட்லாண்டிக் நிறுவனம் உரிமை வாங்கி வெளியிட, 1973-இல் அது அமெரிக்கத் தரவரிசையில் 35-ஆம் இடம்வரை ஏறியது. தொடக்கத்தில் எந்தப் பெரிய நிறுவனமும் விளம்பரம் செய்யாத ஒரு பாட்டு, ஒரு கடை, ஒரு மாடி, ஒரு நிலையம் என மூன்று தாவலில் நாட்டையே எட்டியது. வானொலியும் கூடமும் ஒரே தொழிலின் இரு முகங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கூடம் சோதித்தது, வானொலி பரப்பியது.

ஆனால் இது காதின் வேலை அல்ல, கைத்திறன் என்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. பழைய தேவாலயம் ஒன்றில் இயங்கிய ‘சாங்ச்சுவரி’ கூடத்தில் பிரான்சிஸ் கிராசோ ஒரு தட்டின் தாளத்தை அடுத்த தட்டின் தாளத்தோடு பொருத்தி இடைவெளியே இல்லாமல் இசையை ஓடவிட்டார். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 சுழற்றியில் பட்டை கிடையாது, மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும். வேகத்தை நுட்பமாகக் கூட்டிக் குறைக்கும் வசதி அதை டி.ஜே.களின் வீணையாக்கியது. இவை மெய்யான திறமைகள். ஆயினும் மன்கூசோ பிற்காலத்தில் தட்டுகளைக் கலப்பதையே விட்டுவிட்டார். ஒவ்வொரு பாடலையும் முதலிலிருந்து முடிவுவரை முழுதாகப் போட்டார், ஆட்டம் நிற்கவில்லை. கைத்திறன் இல்லாமல் இந்தத் தொழில் நடக்கும், கூட்டத்தை அறியாமல் நடக்காது. 1975-இல் நியூயார்க் டி.ஜே.கள் ஒன்றுசேர்ந்து தட்டுகளைப் பகிரும் அமைப்பை உருவாக்கியபோது, நிறுவனங்கள் புதுத் தட்டுகளை இலவசமாகத் தந்தன. பதிலுக்கு அந்நிறுவனங்கள் கேட்டது ஆடுபவர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தியைத்தான். அடுத்த ஆண்டு, டி.ஜே. வால்டர் கிப்பன்ஸ் நீட்டிக் கொடுத்த ‘டென் பர்சென்ட்’ பாடல் 12 அங்குலத் தட்டாகக் கடைக்கு வந்தது. ஆடுதளத்தில் கேட்ட காது பாடலின் நீளத்தையே மாற்றிவிட்டது.

ஜமைக்காவில் இந்த வேலை பெயரிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. தெருவில் ஒலிபெருக்கிகளை அடுக்கி நடத்தும் ‘சவுண்ட் சிஸ்டம்’ நிகழ்ச்சிகளில் தட்டை எடுப்பவர் ‘செலக்டர்’, ஒலிவாங்கியில் பேசிப் பாடுபவர் ‘டீஜே’. கிங்ஸ்டனில் காக்சன் டாட் போன்ற உரிமையாளர்கள், போட்டியாளர் கண்டுபிடித்துவிடாதபடி தட்டின் பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். தெரிவுதான் மூலதனம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஊரில் பிறந்த கூல் ஹெர்க் நியூயார்க்கின் பிராங்க்ஸுக்குக் குடிபெயர்ந்து, ஜமைக்கத் தட்டுகளைப் போட்டுப் பார்த்தபோது கூட்டம் அசையவில்லை. பிடிவாதம் பிடிக்காமல் ஃபங்க் இசைக்கு மாறினார். பிறகு இன்னொன்றைக் கவனித்தார்: பாடல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே நல்ல ஆட்டக்காரர்கள் ஓரமாகக் காத்திருக்கிறார்கள். ஒரே தட்டின் இரு பிரதிகளை வைத்து அந்த நொடிகளை நிமிடங்களாக நீட்டினார். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூவில் அவர் தங்கை நடத்திய விருந்து ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. அதன் மூலம் புதிய இசைக்கருவி அல்ல, ஓரமாக நின்றவர்களைப் பார்த்த பார்வை.

கூட்டம் எதிரில் இல்லாதபோது இந்தப் பார்வைக்கு என்ன மாற்று? அதற்குத் தமிழ் நேயர்களே சாட்சி. 1952-இல் அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்கியபோது, கோடிக்கணக்கானோர் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். உலகப் போர்க்காலத்தின் வலிமையான சிற்றலைப் பரப்பி அந்த நிலையத்திடம் இருந்தது. ஆனால் ஒலியின் வலிமை மட்டும் மக்களைப் பிடித்து வைத்திருக்காது. எஸ்.பி. மயில்வாகனம், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் தமிழும், பாடியவர் இசையமைத்தவர் பெயரை மதிப்போடு சொல்லும் பழக்கமும், அஞ்சலட்டையில் வரும் நேயர் விருப்பமும் அதைச் செய்தன. ஊர்ப்பெயரோடு தன் பெயர் ஒலிபரப்பாகக் கேட்டவருக்கு, தான் ஒரு கூட்டத்தில் ஒருவர் என்று தெரிந்தது. இந்திய வானொலி 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித் திரைப்பாடலுக்கு இடம் தர வேண்டியதாயிற்று. அந்த அஞ்சலட்டைதான் வானொலிக்காரரின் ஆடுதளம்.

இங்கே என் வாதத்துக்கு நானே ஓர் இடையூறு சொல்ல வேண்டும். கூட்டத்தைக் கேட்பதுதான் தகுதி என்றால், கோமிஸ்கி பார்க்கில் சுமார் 50,000 பேரைத் திரட்டிய ஸ்டீவ் டாலை மிஞ்சிய டி.ஜே. உண்டா? தம் நேயர்களின் எரிச்சலை அவர் துல்லியமாகக் கேட்டிருந்தார். பதில் என் வரையறையின் மற்றப் பாதியில் இருக்கிறது. டி.ஜே. கூட்டத்தைக் கேட்பவர் மட்டுமல்ல, அது இன்னும் கேட்டறியாத ஒன்றைக் கொண்டுவருபவர். மன்கூசோ கேமரூனைக் கொண்டுவந்தார், வில்லியம்ஸ் தம் மக்களின் பாட்டை ஊருக்கே கொண்டுவந்தார். ஹெர்க் கூட்டத்துக்கு விட்டுக்கொடுத்தார், பிறகு அதற்கே தெரியாத ஆசையை எடுத்துக் காட்டினார். டால் அன்று ஒரு தட்டையும் தரவில்லை, இருந்ததை எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே உள்ள வெறுப்பைத் திருப்பிக் கொடுப்பது எதிரொலி, தெரிவு அல்ல. கூட்டத்துக்குச் செவிசாய்ப்பதும் அதற்குக் கீழ்ப்படிவதும் வேறு வேறு.

இன்றைய பெரிய கேள்விக்கும் இந்த வேறுபாடே அளவுகோல். இசைச் செயலிகள் எந்த டி.ஜே.யையும்விடக் கூர்மையாகக் கேட்கின்றன. எந்த நொடியில் பாடலைத் தாண்டினோம் என்பதுவரை அவற்றுக்குத் தெரியும். ஸ்பாட்டிஃபை 2023-இல் மனிதக் குரலைப் போலப் பேசிப் பாடல் தரும் வசதிக்கு டி.ஜே. என்றே பெயரிட்டது. தனி ஒருவருக்குப் புதிய பாடலைக் கண்டுபிடித்துத் தருவதில் இயந்திரம் பல நேரம் சிறப்பாகவே செயல்படுகிறது, மறுக்க வேண்டியதில்லை. மேடை ஒளியோடு முன்கூட்டியே பொருத்திவைத்த வரிசையை அப்படியே ஓட்டும் விளையாட்டரங்கு டி.ஜே.களைவிட அது அதிகம் கேட்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் அது கேட்பது கூட்டத்தை அல்ல, தனித்தனி ஆளை. எனக்குக் கிடைத்த பாட்டு பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. தவறான தட்டைப் போட்டு ஆடுதளம் காலியாவதை நின்று பார்க்கும் அவமானம் அதற்கு இல்லை. பொறுப்பு என்பது அந்த அவமானத்துக்குத் தயாராக இருப்பதுதான். லஞ்சத்தின் பழைய கேள்வியும் போய்விடவில்லை. குறைந்த உரிமைத்தொகையை ஏற்றால் பாடலைக் கூடுதலாகப் பரிந்துரைக்கும் திட்டத்தை ஸ்பாட்டிஃபை 2020-இல் அறிவித்த பிறகு, இது கலைஞர்களின் வருவாயை எங்கே கொண்டுபோய் விடும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள்.

கோமிஸ்கி பார்க் இரவுக்குப் பின் பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவிலிருந்து பின்வாங்கின, புதுத் தட்டுகளின் வரத்து குறைந்தது. நக்கிள்ஸ் பழைய பாடல்களை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி நீட்டினார், பின்னர் தாள இயந்திரத்தைச் சேர்த்தார். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ என்ற இசைவகை பெயர் பெற்றது என்பார்கள். வெடி வெடித்த இரவில் அந்த மைதானத்தில் இருக்கை காட்டும் வேலையில் இருந்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர். மக்கள் கொண்டுவந்து குவித்தவற்றில் டிஸ்கோவே அல்லாத தட்டுகள் பல இருப்பதையும், அவற்றைப் பாடியவர்கள் கறுப்பினத்தவராக இருப்பதையும் அவர் கவனித்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, டி.ஜே. ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ‘ஆன் அண்டு ஆன்’, ஹவுஸ் இசையின் முதல் தட்டுகளில் ஒன்றாக வெளிவந்தது. வேர்ஹவுஸ் இருந்த கட்டடத்தை 2023-இல் சிகாகோ நகராட்சி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. கோமிஸ்கி பார்க் மைதானம் 1991-இலேயே இடிக்கப்பட்டு, வாகன நிறுத்துமிடமாகிவிட்டது.